நாகைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: மீன் ஏலம் முதல் நாகூர் கடைத்தெரு வரை

மாற்றலாகி வந்து, வீடு பிடித்து, பாலும் காய்ச்சியாயிற்று. அடுத்த கவலை சாமான் எங்கே வாங்குவது என்பது. நாகப்பட்டினம் பெரிய ஊர் இல்லை. கடை எங்கே இருக்கிறது என்பது நாலு நாளில் தெரிந்துவிடும். எந்த நேரத்துக்கு, எந்தக் கிழமையில், எந்த மாதத்தில் போக வேண்டும் என்பது பிடிபடத்தான் ஒரு வருஷம் ஆகும். அதுவரை ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மீன் கடைக்குப் போய், இருக்கிற விலையிலேயே அதிக விலை கொடுத்து, இருக்கிற மீனிலேயே பழைய மீனை வாங்கிக்கொண்டிருப்பீர்கள். அந்த ஒரு வருஷத்தை மிச்சம் பிடிக்கத்தான் இந்தக் குறிப்புகள்.

1. கிளம்பும் முன் பையில் போட வேண்டியவை

சில்லறை. பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகள். யு.பி.ஐ. எல்லா இடத்திலும் வந்துவிட்டது, ஆனால் துறைமுகத்தில் ஈரக்கையோடு வியாபாரம் செய்யும் அம்மாவை போனைத் துடைத்து எடுக்க வைத்தால் உங்கள் முறை வருவதற்குள் நல்ல மீன் போய்விடும்.

மூடி போட்ட எவர்சில்வர் டப்பா அல்லது பிளாஸ்டிக் வாளி ஒன்று. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. கடையில் கேரி பேக் கொடுத்தாலும் மீனுக்கு அது உதவாது, துடுப்பு குத்திக் கிழிந்துவிடும். பேருந்தில் போகிறவர்களுக்கு மூடி கட்டாயம். மீன் தண்ணீர் ஒழுகினால் நடத்துநர் ஏற்ற மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

வண்டியில் போகிறவர்கள் ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், காப்பீடு, புகைச்சான்று நான்கையும் டிஜிலாக்கரில் ஏற்றி வையுங்கள். காரைக்கால் பக்கம் போனால் எல்லையில் வண்டியை மறிப்பார்கள். பெண்களுக்கு சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பயணம் இலவசம், அடையாள அட்டை எதுவும் காட்ட வேண்டாம். புறநகர்ப் பேருந்து, எக்ஸ்பிரஸ் ஆகியவற்றில் டிக்கெட் எடுக்க வேண்டும். நிறுத்தத்தில் நிற்கும்போது போர்டைப் பார்த்து ஏறுங்கள்.

2. மீன்: விலையைக் கேட்பதற்கு முன் படகைக் கேளுங்கள்

நாகையின் பெரிய இறங்குதளம் கடுவையாற்று முகத்துவாரத்தில், அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம். இங்கே இரண்டு வகைப் படகுகள் கரை சேர்கின்றன. விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்கி, பிடித்ததை ஐஸில் அடுக்கிக்கொண்டு வரும். ஃபைபர் படகுகள் இரவிலோ விடியற்காலையிலோ போய் அன்றைக்கே திரும்பிவிடும். இரண்டு மீனும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வயதில் நாலைந்து நாள் வித்தியாசம் இருக்கலாம்.

ஆகவே முதல் கேள்வி, “அக்கா, இது சின்ன போட்டு மீனா, பெரிய போட்டு மீனா?” என்பது. இந்தக் கேள்வியைக் கேட்டதுமே நீங்கள் விவரமானவர் என்று தெரிந்துவிடும், பதிலும் பெரும்பாலும் நேராக வரும். ஒழுங்காக ஐஸ் போட்ட விசைப்படகு மீன் மோசமில்லை. வெயிலில் மூன்று மணி நேரம் கிடந்த ஃபைபர் படகு மீனைவிட அது மேல். ஆனால் இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்கக் கூடாது.

நேரம்: காலை ஆறிலிருந்து எட்டு வரை. ஐந்து மணிக்கே போய் நின்றால் ஏலத்தைத்தான் வேடிக்கை பார்க்கலாம். ஏலம் பெட்டிக் கணக்கிலும் கூடைக் கணக்கிலும் நடக்கும், வியாபாரிகள் எடுப்பார்கள். ஒற்றைக் குடும்பத்துக்கு அதில் வேலையில்லை. பெட்டியில் மீனோடு ஐஸும் இருக்கும், எடை உத்தேசம்தான். நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்தால் ஒரு கூடை எடுக்கலாம். அப்போதும் தெரிந்த வியாபாரி ஒருவரை வைத்து எடுப்பது நல்லது. தனியாகப் போகிறவர்கள், ஏலம் எடுத்த பெண்கள் அங்கேயே கூறு போட்டு விற்கத் தொடங்கும்வரை காத்திருங்கள். காத்திருக்கும்போது பெட்டி தூக்குபவர்கள் வரும் வழியில் நிற்காதீர்கள். வலை காய்ந்துகொண்டிருந்தால் தாண்டாமல் சுற்றிப் போங்கள். தரை வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

மீனைப் பார்ப்பது எப்படி? கண் புடைத்து, தெளிவாக இருக்க வேண்டும். குழிந்து வெளுத்திருந்தால் விடுங்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பு என்றால் பழசு. செவுளில் வண்ணம் தடவியிருப்பார்களோ என்று சந்தேகம் வந்தால் விரலால் தேய்த்துப் பாருங்கள். வயிற்றை அழுத்தினால் குழி உடனே நிரம்ப வேண்டும். சங்கரா, வாவல், பாறை, கொடுவா எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சில வகைகளுக்கு மட்டும் தனிக் கணக்கு:

சுறா, திருக்கை. இவற்றின் சதையில் யூரியா அதிகம். நேரம் ஆக ஆக அது அம்மோனியாவாக மாறும். மூக்கில் சுருக்கென்று ஏறினால் பழசு. எவ்வளவு மஞ்சள் போட்டு அலசினாலும் சுறாப்புட்டு கெட்டுத்தான் போகும்.

கானாங்கெளுத்தி, மத்தி, சூரை. இவை மலிவு, ருசி, ஆனால் வெயில் தாங்காது. சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். சமைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தடிப்பு வந்து, தலைவலிக்கும். பலரும் ‘எனக்கு மீன் ஒத்துக்காது’ என்று முடிவு கட்டுவது இதனால்தான். ஐஸ் இல்லாத தட்டில் பத்து மணிக்கு மேல் இந்த மூன்றையும் வாங்கவே வேண்டாம்.

நண்டு. கையில் எடுத்தால் அளவுக்கு மேல் கனக்க வேண்டும். அடிவயிற்றுப் பக்கம் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். பெரிய தண்ணி நண்டைவிட நடுத்தரக் கெட்டி நண்டே லாபம்.

இறால். தலை உடம்போடு இறுக ஒட்டியிருக்க வேண்டும். தலை தொங்கினாலோ கறுத்திருந்தாலோ வேண்டாம்.

வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோக அரை மணிக்கு மேல் ஆகும் என்றால் ஐஸ் வாங்குங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், அடியில் ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு. மீன் ஐஸ் தண்ணீரில் ஊறக் கூடாது, ருசி போய்விடும்.

3. சுத்தம் செய்த பிறகு கிலோ என்ன விலை?

புதியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான், யாரும் ஏமாற்றாமலேயே. முழு இறால் கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தலையும் ஓடும் போனால் சுமார் பாதிதான் மிஞ்சும். ஆக உரித்த இறாலின் அடக்க விலையே கிலோ 800 ரூபாய். அதே சந்தையில் உரித்த இறால் 650-க்குக் கிடைக்கிறது என்றால் சந்தோஷப்பட வேண்டாம். தலை தொங்கிய இறாலை உரித்துவிட்டால் வயது தெரியாது. உரித்ததைத் தண்ணீரில் ஊறப்போட்டால் எடையும் கூடும்.

வஞ்சரத்திலும் இப்படித்தான். முழு மீனில் தலை, குடல், வால் போக மூன்றில் ஒரு பங்குவரை கழியலாம். துண்டு விலை அதிகமாகத் தெரிவது அதனால். முழு மீனாக வாங்கினால் தலையை விட்டுவிட்டு வராதீர்கள், குழம்புக்கு அதுதான் சரி. வெட்டித் தருபவர்கள் கேட்காவிட்டால் ஒதுக்கிவிடுவார்கள்.

வெட்டுக்கூலி தனி. மீன் விலையில் சேராது, விற்பவருக்கும் வெட்டுபவருக்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம். கிலோவுக்கு எவ்வளவு என்று வெட்டுவதற்கு முன்பே கேளுங்கள். நெத்திலி, காரப்பொடி போன்ற பொடி மீனுக்கும் நண்டுக்கும் கூலி கூடும், சில சமயம் செய்யவே மாட்டார்கள். அது நியாயம்தான், ஒரு கிலோ நெத்திலியை ஆய்ந்து பார்த்தவர்களுக்குப் புரியும்.

இன்னொன்று: சொன்ன விலை கிலோவுக்கா, அரைக்கிலோவுக்கா, கூறுக்கா என்று தெளிவாகக் கேளுங்கள். “இருநூறு” என்று மட்டும் சொன்னால் அது கூறு விலையாகத்தான் இருக்கும். கூறில் மேலே இருப்பது பெரிய மீன், அடியில் பொடிசு. கையால் கலைத்துப் பார்க்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். செவுளைப் பத்துப் பேர் தூக்கிவிட்டு வாங்காமல் போனால்தான் கோபம் வரும்.

4. கருவாடு

நெத்திலியை எடுத்து வளைத்துப் பாருங்கள். சட்டென்று ஒடிந்தால் நன்றாகக் காய்ந்தது, வளைந்தால் ஈரம். ஈரக் கருவாட்டில் நீங்கள் காசு கொடுப்பது உப்புக்கும் தண்ணீருக்கும். ஒரு வாரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். ஒரு பிடியைக் காகிதத்தில் உதறுங்கள், மணல் கொட்டினால் தரையில் காயவைத்தது. கருவாட்டு வாசனையைத் தாண்டி மருந்து வாடை வந்தால் அந்தக் கடையையே விட்டுவிடுங்கள். ஈ, புழு வராமல் இருக்க எதையோ அடித்திருக்கிறார்கள்.

வாங்க நல்ல காலம் மாசி, பங்குனி. வெயில் இருக்கும், மீனும் இருக்கும். ஏப்ரல் பாதிக்கு மேல் மீன்பிடித் தடை வந்துவிடும், விலை ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாங்குவது வீண். வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் வெயிலில் போட்டு, ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள்.

5. நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டியவை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரை முழுவதும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஃபைபர் படகுகள் போகும். அதனால் மீன் அடியோடு இல்லாமல் போகாது. சின்ன மீன் கிடைக்கும், விலை அதிகம். இந்த இரண்டு மாதத்தில் பெரிய மீன் தாராளமாகக் கிடைத்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வேறு மாநிலத்திலிருந்து லாரியில் வந்த ஐஸ் மீனாக இருக்கும். ஜூன் 15 காலையிலேயே வாளியோடு போகவும் வேண்டாம். அன்றைக்குத்தான் படகுகள் கிளம்புகின்றன, திரும்பி வர நாள் ஆகும்.

விலை இறங்கும் காலம் புரட்டாசி, அதிலும் சனிக்கிழமைகள். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் நாட்களும் அப்படித்தான், புயல் சின்னம் இல்லாவிட்டால். வாரத்தில் செவ்வாய், வெள்ளி மலிவு, ஞாயிறு உச்சம். ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை என்பவர்கள் ஆறு மணிக்குப் போங்கள், எட்டு மணிக்குப் போகாதீர்கள்.

ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. நாகையிலிருந்து வேளாங்கண்ணி வரை சாலை முழுக்க நடந்து வருபவர்கள்தான். அந்தப் பதினோரு நாளும் வண்டியில் சந்தைக்குப் போவதற்கு இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். நாகூர் தர்காவின் கந்தூரி விழா 14 நாள் நடக்கும். ஹிஜ்ரி கணக்கு என்பதால் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும்.

6. காய், பூ, அரிசி

காய்க்கு உழவர் சந்தை. வாங்குபவருக்கு எந்த அட்டையும் வேண்டாம், விற்கும் விவசாயிக்குத்தான் அடையாள அட்டை. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், பேரம் கிடையாது. வாங்காவிட்டாலும் அந்தப் பலகையை போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், மற்ற கடைகளில் ஒப்பிட உதவும். கீரை ஏழு மணிக்குள், பத்து மணிக்கு மேல் போனால் கழித்ததுதான் மிச்சம்.

பூவை முழத்தில் வாங்குவதென்றால் நெருக்கமாகக் கட்டியதா என்று பாருங்கள். இடைவெளி விட்டுக் கட்டினால் ஒரு முழம் என்பது முக்கால் முழம்தான். விசேஷத்துக்கு நிறைய வேண்டுமென்றால் உதிரியாக எடை போட்டு வாங்கி வீட்டில் கட்டுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம்.

அரிசி விஷயம் கொஞ்சம் நின்று பேச வேண்டியது. டெல்டாவில் சம்பா அறுவடை தை, மாசியில். அப்போது மலிவாகக் கிடைக்கும் புது அரிசியை ஆசைப்பட்டு மூட்டையாக வாங்கினால் சாதம் குழையும். புதுசு கூடாது என்றில்லை; பொங்கலுக்கு அதுதான் வேண்டும். தினசரிச் சாப்பாட்டுக்கு ஆறு மாதமாவது போன அரிசியாகக் கேளுங்கள். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி போன்ற பாரம்பரிய அரிசிகள் இந்தப் பக்கம் எளிதில் கிடைக்கும், ஆனால் தீட்டாத அரிசியில் தவிட்டின் எண்ணெய் அப்படியே இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும், வண்டும் வைக்கும். ஐந்து கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். மாப்பிள்ளைச் சம்பாவை முந்தின இரவே ஊறவைக்க வேண்டும் என்பதையும் கடைக்காரர் சொல்ல மறந்துவிடுவார்.

மூட்டை 25 கிலோவா, 26 கிலோவா என்று பாருங்கள். 25 கிலோ வரை பொட்டலமிட்ட அரிசிக்கு 2022 ஜூலையில் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்த பிறகு பல ஆலைகள் 26 கிலோ மூட்டை போடத் தொடங்கின. மூட்டை விலையைப் பார்க்காமல் கிலோ விலையைப் போட்டுப் பாருங்கள்.

7. நாகூர்

நாகையிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர், நகரப் பேருந்து அடிக்கடி உண்டு. தர்கா வாசலைச் சுற்றிய கடைத்தெருவில் நிதானமாகப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் திங்கள், செவ்வாய் மாலை. வியாழன் மாலை கூட்டம் நெரியும். வெள்ளி மதியம் ஜும்மா நேரத்தில், ஏறக்குறைய பன்னிரண்டரை முதல் இரண்டு வரை, நிறையக் கடைகள் சாத்தியிருக்கும்.

கைலி வாங்கினால் மூட்டியதா, மூட்டாததா என்று கேளுங்கள். மூட்டாததன் விலை குறைவாகத் தெரியும், மூட்டுக்கூலி சேர்த்தால் சமமாகிவிடும். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ஓரத்தில் தேய்த்தால் சாயம் போகுமா என்று தெரியும். அத்தரை மணிக்கட்டில் தடவியவுடன் முடிவு செய்யாதீர்கள். கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து முகருங்கள். கால் மணி நேரம் கழித்து நிற்கிற வாசனைதான் நீங்கள் வாங்கப்போவது. 3, 6, 12 மில்லி சீசாக்களில் கிடைக்கும், முதலில் 3 போதும்.

தம்ரூட் என்ற ரவை இனிப்பை வாங்குபவர்கள், “நானா (அண்ணா), இது இன்னைக்குச் செஞ்சதா?” என்று கேட்டு வாங்குங்கள். தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் விதி. வெளியூருக்கு அனுப்புவதானால் அந்தத் தேதி முக்கியம். இறால் வைத்துப் பொரிக்கும் ‘வாடா’ என்ற பலகாரத்தை மாலை நேரத்தில்தான் போடுவார்கள், எண்ணெயிலிருந்து எடுத்ததும் தின்ன வேண்டிய பண்டம். பொட்டலம் கட்டி நாகைக்குக் கொண்டுவந்தால் வதங்கிப்போகும்.

8. காரைக்கால்: எல்லை தாண்டும்போது

நாகூரைத் தாண்டினால் வாஞ்சூர், அங்கேயே புதுச்சேரி யூனியன் பிரதேசம் தொடங்கிவிடுகிறது. காரைக்கால் ஞாயிறு வாரச்சந்தை பாத்திரம், துணி, கத்தி, கூடை, செடி என்று வீட்டுக்குத் தேவையான உதிரிச் சாமான்களுக்கு நல்ல இடம். பேரம் பேசலாம், பேச வேண்டும். சந்தை கலையும் நேரத்தில் விலை இறங்கும், காய் மட்டும் வதங்கியிருக்கும்.

மதுபானம் அங்கே மலிவு என்பது எல்லோருக்கும் தெரியும். “ரெண்டு பாட்டில்தானே” என்று எடுத்துக்கொண்டு வராதீர்கள். புதுச்சேரி மது தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்தால் மதுவிலக்குச் சட்டப்படி வழக்கு, வண்டியும் பறிமுதல் ஆகலாம். பில் இருந்தாலும் உதவாது. ஓசியில் ஏற்றிக்கொண்ட நண்பரின் பையில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்வதும் நல்லது, வண்டி உங்கள் பெயரில்தானே இருக்கிறது.

9. வேளாங்கண்ணியும் வேதாரண்யமும்

வேளாங்கண்ணிக் கடற்கரைச் சாலையில் மசாலா தடவி அடுக்கிய மீனைக் காட்டிப் பொரித்துத் தருவார்கள். மசாலாவுக்கு அடியில் மீனின் வயது தெரியாது. மசாலா தடவாத மீனைக் காட்டச் சொல்லி, அதைத் தடவிப் பொரிக்கச் சொல்லுங்கள். விலை துண்டுக்கா, நூறு கிராமுக்கா என்பதை எண்ணெயில் போடுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். சிப்பி, சங்குக் கடைகளில் பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எதையாவது யாராவது மறைவாகக் காட்டினால் தொடவே வேண்டாம். மூன்றும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, வைத்திருந்தாலே குற்றம்.

வேதாரண்யத்துக்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும். முல்லைப் பூ அங்கே விளைகிற இடத்திலேயே கிடைக்கும். ஐப்பசி முதல் பங்குனி வரை கோடியக்கரையில் வெளியூர் மீனவர்கள் தங்கித் தொழில் செய்வார்கள், அப்போது போனால் மீனும் கருவாடும் நன்றாக இருக்கும். அகஸ்தியன்பள்ளி உப்பளப் பக்கம் சாக்கு உப்பு மலிவு. அது அயோடின் சேர்க்காத உப்பு. கருவாடு போட, ஊறுகாய்க்கு, தென்னைக்கு வாங்கலாம். அன்றாடச் சமையலுக்கு அயோடின் சேர்த்த பொட்டல உப்புதான் வாங்க வேண்டும், சேர்க்காததை நேரடி உணவுக்கு விற்பதே சட்டப்படி தடை. மழை தொடங்கினால் உப்பெடுப்பு நின்றுவிடும். அதற்குப் பிறகு போனால் விலை கூடியிருக்கும்.

10. எடையில் சந்தேகம் வந்தால்

மின்னணுத் தராசு என்றால் தட்டு காலியாக இருக்கும்போது சுழியம் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். கூடையோடு எடை போட்டால் காலிக் கூடையை வைத்துச் சுழியமாக்கச் சொல்லுங்கள். தண்ணீரை வடித்துவிட்டுப் போடச் சொல்வதும் உங்கள் உரிமை. மின்னணுத் தராசில் ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும், எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. புகாரை மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கொடுக்கலாம். கடையின் இடம், தேதி, நேரம், வாங்கிய பொருள், சொன்ன எடை, மறு எடை ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். மறு எடையை வேறு கடைத் தராசில் உடனே போட்டுப் படம் எடுத்துவிடுங்கள், வீட்டுக்குப் போய் மறுநாள் போட்ட எடையை யாரும் ஏற்க மாட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. துறைமுகத்தில் கூறு போட்டு விற்பவர்களிடம் தராசே இருக்காது. அங்கே புகாருக்கு வேலை இல்லை, அடுத்த முறை வேறு தட்டில் வாங்க வேண்டியதுதான்.